அப்பா போனுக்கு வந்த சலான்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தானின் போன் ஒருமுறை உறுமியது. எடுத்துப் பார்த்தவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். போக்குவரத்து அபராதச் சலான். கார் எண், தேதி, நேரம், அதிவேகம், ஆயிரம் ரூபாய். நேரம் இரவு 11.40. அந்த நேரத்தில் அத்தான் தூங்கப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

"செவ்வாக்கிழமை ராத்திரி காரை யாருடா எடுத்தது?"

என் மருமகனுக்கு வயது 19. லைசென்ஸ் வாங்கி ஏழு மாதம். நண்பனை ரயில் ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னான். ரயில் உண்மைதான். 81 கிலோமீட்டர் வேகமும் உண்மைதான். அந்தச் சாலையில் அனுமதி 60. அடுத்த பத்து நிமிடம் அங்கே நடந்ததை எழுத வேண்டியதில்லை, வண்டி சாவி கேட்கும் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் அந்த வசனம் ஒன்றுதான். சத்தம் ஓய்ந்ததும் அத்தான் பெருமூச்சு விட்டார். "சரி, ஆயிரம்தானே. கட்டித் தொலைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அந்த லிங்க்கைத் தொடப் போனார். "இருங்க அத்தான்" என்று கையைப் பிடித்தேன்.

கட்டுவதில் தப்பில்லை. ஆனால் அந்தச் செய்தி உண்மைதானா, அதில் என்ன எழுதியிருக்கிறது, கட்டினால் சட்டத்தின் கணக்கில் அது என்னவாகப் பதிகிறது என்பதையெல்லாம் பார்க்காமலே நம் வீடுகளில் முதல் சலான் தீர்ந்துபோகிறது. ஓட்டியது ஒருவர், திட்டு வாங்குவது அவர், பணம் கட்டுவது இன்னொருவர். ஓட்டிய பிள்ளை அந்தச் சலானைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆயிரம் ரூபாய் பெரிய விஷயமில்லை. அதற்குப் பின்னால் வருகிற இரண்டாவது சலான்தான் விஷயம்.

முதலில் அந்த லிங்க். சலான் பேரைச் சொல்லிப் பணம் பறிக்கும் கூட்டம் நாடு முழுக்க இருக்கிறது. வாட்ஸ்அப்பில் "உங்கள் வாகனத்துக்கு அபராதம்" என்று வரும், கூடவே ஏ.பி.கே. என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். பரிவாகன் என்றோ ஆர்.டி.ஓ. சலான் என்றோ அதற்குப் பேர் வைத்திருப்பார்கள். அதை நிறுவினால் போனுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும், வங்கிக் கணக்கு காலி. எந்த அரசுத் துறையும் அபராதம் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் செயலி அனுப்பாது. குறுஞ்செய்தியில் வரும் லிங்க்கையும் தொடத் தேவையில்லை. நாமே உலாவியைத் திறந்து, மத்திய அரசின் இ-சலான் பரிவாகன் தளத்துக்குப் போய், முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்றுதான் முடிகிறதா என்று பார்த்து, சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ போட்டால் போதும். அங்கே இருந்தால் உண்மை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். அதில் நிமிடங்கள் முக்கியம்.

அத்தானுக்கு வந்தது உண்மையான சலான்தான். படத்தோடு இருந்தது.

கேமராவுக்கு முகம் தெரியாது

சாலையோரக் கேமரா பார்ப்பது நம்பர் பிளேட்டை மட்டும்தான். எண்ணைப் படித்து, பதிவேட்டில் அது யார் பேரில் இருக்கிறது என்று தேடி, அந்தப் பதிவில் இருக்கும் செல்போன் எண்ணுக்குச் செய்தி அனுப்புகிறது. அதனால்தான் மகன் ஓட்டியதற்கு அப்பா போன் உறுமுகிறது. ஆர்.சி.யில் இருக்கும் எண் அப்பாவுடையதாக இருந்தால் அதுவே அதிர்ஷ்டம். பல வண்டிகளில் ஷோரூம்காரர் அவசரத்துக்குப் போட்ட எண்ணோ, பத்து வருடம் முன்பு விட்டுத்தள்ளிய எண்ணோதான் இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கி இன்னும் பேர் மாற்றாத வண்டி என்றால் செய்தி பழைய ஓனருக்குப் போகும். அவர் உங்களை அழைத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. வண்டியை விற்கப் போகும்போதோ பேர் மாற்றப் போகும்போதோதான் நாலைந்து சலான் வரிசையாக நிற்பது தெரியவரும். பரிவாகன் தளத்தில் செல்போன் எண்ணைப் புதுப்பிக்க முடியும். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுவது நல்லது.

ஓட்டியது யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆவது பிரிவுப்படி, அதிகாரம் உள்ள போலீஸ் அதிகாரி கேட்டால், குற்றம் நடந்தபோது வண்டியை ஓட்டியவரின் பேர், முகவரி, லைசென்ஸ் விவரத்தை உரிமையாளர் சொல்லியாக வேண்டும். வேகத்துக்கான தண்டனை ஓட்டியவருக்கு உரியது. அப்பா "நான்தான் கட்டுகிறேனே" என்று சத்தமில்லாமல் கட்டும்போது இந்தக் கேள்வியே எழுவதில்லை. பதிவேட்டில் சலான் அப்பாவின் வண்டியோடும் அப்பாவின் பேரோடும் நின்றுவிடுகிறது.

ஓட்டியவருக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் கதையே வேறு. அது வேகத்தைப் பற்றிய சலானாகவே இருக்காது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. சிறுவர் ஓட்டிக் குற்றம் செய்தால், அதைப் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ செய்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது, எல்.எல்.ஆரும் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் பெரியவர் தலையில்தான். பத்தாம் வகுப்புப் பையனிடம் சாவியைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிற தெருக்கள் நம் ஊரில் எத்தனை என்று யோசித்தால் கொஞ்சம் நடுங்கும்.

அறுபதா, எழுபதா

மருமகன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. போனில் தேடிப் பார்த்துவிட்டு, "மாமா, நகராட்சி எல்லைக்குள்ள காருக்கு 70னு போட்டிருக்கு. நான் பதினொண்ணுதான் அதிகம்" என்றான்.

அவன் பார்த்தது 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை. அதில் காருக்கு விரைவுச்சாலையில் 120, நான்கு வழிச்சாலையில் 100, நகராட்சி எல்லைக்குள் 70 என்று இருப்பது சரிதான். பைக்குக்கு நான்கு வழிச்சாலையில் 80, நகராட்சி எல்லைக்குள் 60. ஆனால் அது உச்சவரம்பு. அதற்கு மேல் யாரும் அனுமதிக்க முடியாது, கீழே இறக்கிக்கொள்ள மாநிலத்துக்கு உரிமை உண்டு. சென்னையில் 2023 நவம்பரிலிருந்து கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கு 50, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30. கூகுளில் கிடைத்த 70ஐ வைத்துக்கொண்டு சென்னையில் வாதாட முடியாது.

பைக் ஓட்டுகிற பிள்ளைகள் இங்கே அதிகம் மாட்டுவதற்குக் காரணமும் இதுதான். பக்கத்தில் போகும் கார் 58இல் போகிறது, அதோடு ஒட்டிப் போகிற பைக்கும் 58. கார் தப்பிக்கிறது, பைக்குக்குச் சலான். அநியாயம் மாதிரிதான் தெரியும். ஆனால் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்து வந்த வாதம் மீட்டர். "மீட்டர்ல 75தான் காட்டுச்சு மாமா." இதை நான் நம்பவில்லை. ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், குறைவாகக் காட்டக் கூடாது என்ற விதிப்படிதான் வண்டிகளைத் தயாரிக்கிறார்கள். நிஜமாகவே 81இல் போன காரின் முள் 83, 84இல் நின்றிருக்கவே வாய்ப்பு. கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர் போட்ட வண்டி என்றால் மட்டும் கணக்கு தலைகீழாகும், முள் குறைத்துக் காட்டும். அத்தான் கார் டயரில் அப்படி எதுவும் இல்லை.

வேகத்தை அளக்கும் கருவிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் இன்டர்செப்டர் வண்டிக்குள் உட்கார்ந்து போலீஸ்காரர் நீட்டும் லேசர் துப்பாக்கி ஒளித்துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பி வரும் நேரம் எப்படிக் குறைகிறது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. அதன் கதிர் மெல்லியது என்பதால் குறிப்பிட்ட ஒரு வண்டியையே குறிவைக்க முடியும். ரேடார் ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைப் பார்க்கிறது. அதன் கதிர் அகலமானது. அதனால் சலான் படத்தில் இரண்டு மூன்று வண்டிகள் அருகருகே தெரிந்தால், வேகம் எந்த வண்டியுடையது என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

இந்தக் கருவிகளுக்கு 2021 ஆகஸ்டில் மத்திய அரசு விதி வகுத்தது. கருவிக்குத் தரச்சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று ஓட்டுநருக்கு எச்சரிக்கும் பலகை முன்கூட்டியே இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். சலானில் நம்பர் பிளேட் தெரியும் படம், கருவி அளந்த வேகம், இடம், தேதி, நேரம், மீறிய பிரிவு ஆகியவை இருக்க வேண்டும். ஆக, சலானைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க முடியும். படத்தில் இருப்பது நம் வண்டிதானா? ஒரு எழுத்து மாறி வேறு யாருடைய வண்டிக்கோ வர வேண்டியது நமக்கு வருவதுண்டு. நம்பர் நம்முடையது, ஆனால் நிறம் வேறு, மாடல் வேறு என்றால் யாரோ நம் எண்ணை ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று அர்த்தம். அப்போது அபராதம் கட்டுவதை விட்டுவிட்டு முதலில் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும்.

கட்டினால் முடிந்ததா

வேகத்துக்கான தண்டனை 183ஆவது பிரிவில் இருக்கிறது. இலகுரக வாகனத்துக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை. நடுத்தர, கனரக வாகனங்களுக்கு இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரம் வரை. 2019க்கு முன்பு முதல் தடவைக்கு 400 ரூபாய் வரைதான். தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

சலான் பணத்தைக் கட்டுவது என்பது சட்ட மொழியில் இணக்கக் கட்டணம் செலுத்துவது. 200ஆவது பிரிவு இதற்கு வழி செய்கிறது. நீதிமன்றத்துக்குப் போகாமல் கட்டி முடித்துவிடலாம், அந்தக் குற்றத்துக்காக மேல்நடவடிக்கை இருக்காது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் 2019 திருத்தம் அதே பிரிவில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறது. இணக்கக் கட்டணம் கட்டி முடித்தாலும், அடுத்த முறை அதே குற்றத்தில் மாட்டும்போது, ஏற்கெனவே கட்டி முடித்தது முதல் தடவைக் குற்றமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். கட்டியது பணத்தைத் தீர்க்கிறது, எண்ணிக்கையைத் தீர்ப்பதில்லை.

எண்ணிக்கை ஏன் முக்கியம்? 183ஆவது பிரிவு இரண்டாவது தடவைக்கு அபராதத்தைப் பற்றிப் பேசவில்லை. நேராக லைசென்ஸைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. பறித்த லைசென்ஸ் ஆர்.டி.ஓ.வுக்குப் போகும். அங்கே 19ஆவது பிரிவின்படி, லைசென்ஸ்தாரரின் விளக்கத்தைக் கேட்டபிறகு, இப்படிப் பறிபட்டு வருவது முதல் தடவையானால் மூன்று மாதம் ஓட்டத் தடை, மறுபடியும் வந்தால் லைசென்ஸே ரத்து.

சரி, முதல் தடவைக்கு லைசென்ஸுக்கு ஆபத்தே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21ஆவது விதி, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் செயல்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வேக வரம்பை மீறுவதும் அதில் உண்டு. அந்தப் பட்டியலில் உள்ள எதைச் செய்தாலும் லைசென்ஸை இடைநிறுத்தலாம். 2015இல் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, அதிவேகம், சிகப்பு விளக்கைத் தாண்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, ஓட்டும்போது செல்போன், சரக்கு வண்டியில் அதிக பாரம் அல்லது ஆட்கள் ஆகியவற்றுக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் லைசென்ஸை இடைநிறுத்தும்படி எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தால் அதை விளம்பர நோட்டீஸோடு சேர்த்துப் போட்டுவிடக் கூடாது. நேரில் போக வேண்டும். என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விளக்கம் கேட்காமல் தடை போட முடியாது. போட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. டெலிவரி வேலைக்கோ கால் டாக்ஸிக்கோ போகிற பிள்ளைக்கு மூன்று மாதத் தடை என்றால் மூன்று மாதச் சம்பளம். கல்லூரி மாணவருக்கும் டெலிவரி பையனுக்கும் சலானில் இருக்கும் தொகை ஒன்றுதான், விலை ஒன்றல்ல.

கட்டாமல் விட்டால்? சலானில் போட்டிருக்கும் கெடு தாண்டியதும் அது நீதிமன்றத்துக்குப் போகும். இப்போது பெரும்பாலும் மெய்நிகர் நீதிமன்றம். 2019இல் டில்லியில் போக்குவரத்துச் சலான்களுக்காகத் தொடங்கிய அந்த முறை இன்று தமிழ்நாட்டிலும் இருக்கிறது. வழக்கு எண்ணைப் போட்டு, நீதிபதி விதித்த அபராதத்தை இணையத்திலேயே கட்டலாம், அல்லது ஒப்புக்கொள்ள மறுத்து வழக்கு நடத்துகிறேன் என்று சொல்லலாம். மறுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும், அங்கே நேரில் போக வேண்டியிருக்கும். பக்கத்து மாநிலங்களில் அரசே தள்ளுபடி அறிவித்ததைப் பார்த்து, "சேரட்டும், ஆஃபர் வரும்போது கட்டிக்கலாம்" என்று இருப்பவர்களும் உண்டு. கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியில் பாதிக்குப் பாதி தள்ளுபடி கொடுத்தார்கள். நியாயமாக உடனே கட்டியவன் முட்டாள் ஆகிறான். என்னைக் கேட்டால் சாலைப் பாதுகாப்புக்கு இதைவிடக் கெட்ட விளம்பரம் கிடையாது.

எதிர்த்து நிற்பது எப்போது சரி? வண்டி நம்முடையது இல்லை என்றால், படம் தெளிவில்லை என்றால், அந்த நேரத்தில் வண்டி வேறு ஊரில் இருந்ததற்கு டோல் ரசீதோ சர்வீஸ் ரசீதோ இருந்தால், வேக வரம்பை அறிவிக்கும் பலகையே இல்லாத இடத்தில் குறைந்த வரம்பை வைத்துப் பிடித்திருந்தால், தாராளமாக எதிர்க்கலாம். இ-சலான் தளத்திலேயே புகார் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. "பார்த்தாலே தெரியுது, எண்பதில் வந்தே" என்று ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து அதிவேகத்துக்குத் தண்டிக்க முடியாது என்று 183ஆவது பிரிவே சொல்கிறது. அந்தக் கணிப்பு ஒரு கருவியின் அளவை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். ஆனால் நம்பர் தெளிவாக, வேகம் தெளிவாக, பலகை தெளிவாக இருக்கும் சலானை எதிர்த்து இரண்டு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறுவதில் பிரயோஜனம் இல்லை. மருமகன் கேஸ் இந்த ரகம்.

கை காட்டி நிறுத்தினால்

கேமரா இல்லாமல் நேரில் மாட்டுவது வேறு அனுபவம். 19 வயதில் காக்கிச் சட்டை கை காட்டினால் கால் தன்னாலே ஆக்சிலரேட்டரை மிதிக்கும். அதுதான் செய்யக் கூடாதது. ஆயிரம் ரூபாய் விஷயம் அந்த நொடியில் ஆபத்தான ஓட்டுதலாக மாறிவிடும். 184ஆவது பிரிவில் முதல் தடவைக்கே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறைக்கு இடம் இருக்கிறது. இடது பக்கம் ஒதுக்கி, இன்ஜினை அணைத்து, இரவு என்றால் உள்விளக்கைப் போட்டால் பாதிப் பதற்றம் இரண்டு பக்கமும் குறையும். லைசென்ஸும் ஆர்.சி.யும் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ இருந்தால் போதும், செல்லும். "அளவைக் காட்டுங்க சார்" என்று மரியாதையாகக் கேட்கலாம். "எங்க அப்பா யார் தெரியுமா" மட்டும் வேண்டாம்.

"இருநூறு வெச்சுக்கோங்க சார்" கூட வேண்டாம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி, ஏழு ஆண்டு வரை தண்டனை. கட்டாயப்படுத்திக் கேட்டதால் கொடுத்தேன் என்பவருக்கு, ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால் மட்டும் விலக்கு உண்டு. எண்ணூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் எதில் மாட்டுகிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? காரில் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் செய்துகாட்டியதே நாம்தான்.

காலி ரோடு

எல்லாம் பேசி முடித்தபிறகு மருமகன் மெதுவாகச் சொன்னான். "ரோடு காலியா இருந்துச்சு மாமா. யாருமே இல்ல."

இதுதான் அவனுடைய உண்மையான வாதம் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் தப்பிக்கிற வழி. ஆறு வழிச்சாலை, ராத்திரி பன்னிரண்டு மணி, 60இல் ஊர்ந்தால் யாருக்கு லாபம் என்று எனக்குமே தோன்றியிருக்கிறது. அதனால் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

60இல் போகும் கார் ஒரு நொடிக்கு 16.7 மீட்டர் நகரும். குறுக்கே ஒரு மாடு வருவதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 17 மீட்டர் போயாச்சு. உலர்ந்த நல்ல தார்ச்சாலை, நல்ல டயர் என்றால் பிரேக் பிடித்தபின் இன்னும் 20 மீட்டர். ஆக 37 மீட்டரில் வண்டி நின்றுவிடும். அதே இடத்தில் 80இல் வருகிற கார், யோசிக்கும் நொடியிலேயே 22 மீட்டர் தாண்டிவிடும். பிரேக்குக்கு மிச்சம் இருப்பது 15 மீட்டர். அந்த 15 மீட்டர் முழுக்கப் பிரேக்கை அழுத்தியும், முதல் கார் நின்ற புள்ளியை இந்தக் கார் கடக்கும்போது அதன் வேகம் என்ன?

மருமகன் பொறியியல் மாணவன். 20 என்று ஊகித்தான். எண்பதிலிருந்து அறுபதைக் கழித்துவிட்டான். போட்டுப் பார்த்தால் 60க்கு மேல் வருகிறது. பிரேக் வேகத்தைக் கழிப்பதில்லை, வேகத்தின் வர்க்கத்தைக் கழிக்கிறது. அதனால் நிற்கும் தூரத்தின் கடைசிச் சில மீட்டரில்தான் வேகம் மளமளவென்று விழுகிறது, அந்தக் கடைசி மீட்டர்கள் 80இல் வந்தவனுக்குக் கிடைப்பதே இல்லை. முதல் கார் மாட்டின் முன்னால் நிற்கிறது. இரண்டாவது கார் அதே மாட்டை 60இல் மோதுகிறது. அவன் தாளைத் தன் பக்கம் திருப்பி இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தான். விடை மாறவில்லை. ராத்திரியில் ஹெட்லைட் காட்டும் தூரத்துக்குள்தான் இதெல்லாம் நடக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு சொல்லத் தேவைப்படவில்லை.

நாடு முழுக்க 2022இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. நாட்டில் இறந்தவர்களில் 71 சதவீதம் பேரின் கணக்கை அறிக்கை அதிவேகம் என்ற கட்டத்துக்குள் போடுகிறது. இந்த எண்ணை நான் முழுசாக நம்புவதில்லை. விபத்து நடந்த இடத்தில் கேமரா இருந்திருக்காது, வேகத்தை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். குழியும், விளக்கில்லாத திருப்பமும், தப்பான இடத்தில் வைத்த தடுப்பும் ஓட்டுநர் தலையில் ஏறிவிடுகின்றன. ஆனால் எண் கொஞ்சம் ஊதியிருக்கிறது என்பதால் அந்தத் தாளில் போட்ட கணக்கு பொய்யாகிவிடாது.

பிரிட்டனில் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது, 1995ஆம் ஆண்டுச் சட்டம். தேர்வில் தேறிய இரண்டு ஆண்டுக்குள் ஆறு அபராதப் பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து, மறுபடியும் எல்.எல்.ஆரிலிருந்து தொடங்க வேண்டும். சாதாரண வேகச் சலானுக்கே குறைந்தது மூன்று பாயின்ட். ஆக இரண்டு சலான், கதை முடிந்தது. அங்கே படிக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகள் இதைப் போனவுடனே கற்றுக்கொள்கிறார்கள். நம் சட்டத்தில் புதியவர், பழையவர் என்ற பிரிவினை இல்லை. போக்குவரத்து மீறலுக்கு ஏற்ப இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை ஏற்றலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் குழு ஒன்று 2021இல் பரிந்துரைத்தது. அது வந்தால், அப்பா பேரில் இருக்கும் வண்டிக்கு மகன் வாங்கும் சலானுக்கான விலை ஆண்டுதோறும் அப்பா பாலிசியில் தெரியும். அப்போது ஞாயிற்றுக்கிழமை இட்லிகள் இன்னும் சூடாக இருக்கும்.

கடைசியில் ஆயிரம் ரூபாயை மருமகன்தான் கட்டினான், தன் கணக்கிலிருந்து, அதே தளத்தில். ரசீதைத் தரவிறக்கி அப்பாவுக்கு அனுப்பினான். இரண்டு நாள் கழித்து மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னேன். பணம் போயும் நிலுவை என்றே காட்டுவது உண்டு, ரசீது கையில் இருந்தால்தான் வாதாட முடியும். நிலுவை போய்விட்டிருந்தது. ஆர்.சி.யில் இருந்த எண்ணையும் பார்த்தோம். அத்தானுடையதுதான். "என் நம்பரையும் சேர்க்க முடியுமா?" என்று கேட்டான். எதற்கு என்று கேட்டதற்கு, "அடுத்த தடவை எனக்கு முதல்ல தெரியணும்ல" என்றான். அத்தான் எழுந்து போய்க் கார் சாவியை பீரோவில் வைத்தார்.

அடுத்த ஞாயிறு சாவி வெளியே வந்தது. நான் முன்சீட்டில், அத்தான் பின்னால், அதே சாலை. பலகை இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனோம். இருந்தது, வேப்பங்கிளை பாதி மறைத்தபடி. ஆறு என்ற எண் இலைக்குள், சுழியம் மட்டும் வெளியே. அதைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அவன் முள்ளை 60இல் நிறுத்தினான். ஒரு நிமிடத்துக்குள் பின்னால் ஹாரன். ஒரு வேன் ஒட்டிக்கொண்டு லைட்டை அடித்தது, அப்புறம் ஒரு பைக், அப்புறம் ஒரு பஸ்.

"மாமா, எல்லாரும் திட்டிட்டுப் போறாங்க."

"இன்டிகேட்டர் போட்டு இடது லேனுக்கு வா" என்றார் அத்தான், பின்சீட்டிலிருந்து.